கூரையைப் பார்க்காதீர்கள்

மார்ச் 6

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? படி ஏறும்போது கைப்பிடியை விடாதீர்கள்.

போனில் பேசலாமே என்பீர்கள். படப்பிடிப்பு இடத்தின் வாசலிலேயே போனை வாங்கிப் பையில் போட்டு ஒட்டிவிடுகிறார்கள். ஒரு புகைப்படம் வெளியே கசிந்தால் தலை போய்விடுமாம். விடுதிக்குத் திரும்பி அது கைக்கு வரும்போது நீங்கள் தூங்கியிருப்பீர்கள். அப்படியே பேசினாலும் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நீங்கள் ‘ம்’, ‘சரி’, ‘வச்சிடறேன்’ என்று முடித்துவிடுவீர்கள். கடிதமே மேல்.

முதல் நாள் காலை பார்த்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். ஒரு தெருவையே எங்களுக்காக அடைத்திருந்தார்கள். வங்கி, முடிதிருத்தகம், பேருந்து நிறுத்தம் எல்லாம் நிஜம். ஆனால் ஈ காக்கை இல்லை. சண்டைக் காட்சி அமைப்பவரை எல்லோரும் மாஸ்டர் என்கிறார்கள். ஒல்லிப் பிச்சான். பெருக்குவதற்கு ஆள் இருந்தும், அவரே துடைப்பத்தை எடுத்துத் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பெருக்கினார். “ஒரு பொடிக்கல்லு போதும்மா, அப்புறம் வண்டி நம்ம பேச்சைக் கேக்காது” என்றார். பிறகு கையைத் தூக்கினார். வரிசையாக நின்ற கார்கள் எல்லாம் ஒன்றாக உறுமின. கடைக் கண்ணாடிகள் நடுங்கின. என் பல்லும் நடுங்கியது. பந்தயத் தடத்தில் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன், ஆனால் ஜனங்கள் காய்கறி வாங்கும் தெருவில் அந்தச் சத்தம் வேறு மாதிரி இருக்கிறது.

கதாநாயகி கார் ஓட்டும் இடங்களில் நான்தான் ஓட்ட வேண்டும். அவர் முகம், என் கை. எனக்கு ஒரு பொய்முடியும் கொடுத்திருக்கிறார்கள்.

அண்ணன் என்ன சொன்னார்? நான் கிளம்பும்போது, “நான் இழுத்துட்டு வர்ற வண்டில ஒரு நாள் உன்னைப் பார்க்க வச்சிடாதே” என்றாரே, அது காதிலேயே நிற்கிறது.

உங்கள் கைப்பக்குவத்தை நினைத்தபடி ஆறிப்போன ரொட்டி தின்னும்,
வாலு

மார்ச் 19

என் செல்ல வாலுவுக்கு,

கடிதம் கிடைத்தது. என் முழங்கால் தன்னைத் தவிர வேறு யாரையும் பற்றிக் கவலைப்படாமல் சௌகரியமாக வலித்துக்கொண்டிருக்கிறது. உனக்கு அங்கே தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா?

நீ சினிமாவில் கார் ஓட்டுகிறாய் என்று எங்கள் பல் டாக்டரிடம் சொன்னேன். வாயைப் பிளந்தபடி நின்றார். வழக்கமாக எங்கள் கிளினிக்கில் அது நோயாளிகள் செய்யும் வேலை. அன்று முழுவதும் என்னை அதிகாரம் பண்ணவே இல்லை.

உன் அண்ணன் நலம். இழுவை வண்டிக்கு நெடுஞ்சாலையில் இந்த வாரம் வேலை அதிகம். மழையில் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்த வண்டிகளைத் தூக்கித் தூக்கி அவருக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. உன் கடிதத்தை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். தட்டை நகர்த்திக்கொண்டு சாப்பிட்டார். நான் பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தால், கடிதம் நான் மடித்த மாதிரி இல்லாமல் வேறு மாதிரி மடிந்திருந்தது.

கதாநாயகன் எப்படி? நேரில் உயரமா? அதை முதலில் எழுது.

வயிறாரச் சாப்பிடு.
உன் அண்ணி

ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணி,

நீங்களும் முழங்காலும் நலம்தானே. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன்.

கதாநாயகன் உயரம்தான். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது. கிளினிக்கில் மூச்சு விட்டுவிடாதீர்கள். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. சத்தியமாக. “இத்தனை படத்துல பறந்திருக்கேன். வீட்டுல என் பொண்டாட்டிதான் ஓட்டுவா. நான் கதவுப் பிடியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்” என்று அவரே என்னிடம் சொன்னார்.

அப்படியானால் எப்படி எடுக்கிறார்கள் தெரியுமா? காரின் கூரைமேல் ஒரு கம்பிக் கூண்டு. அதற்குள் ஓர் இருக்கை, ஸ்டியரிங், பிரேக், எல்லாம். ஓட்டுபவர் அங்கே உட்கார்ந்து ஓட்ட வேண்டும். கீழே நடிகர் பிடித்திருக்கும் ஸ்டியரிங் வெறும் பொம்மை. கேமராவை முன்பக்கம் பொருத்தி அவர் முகத்தை மட்டும் எடுப்பார்கள். கூரை படத்தில் விழாது. கூண்டில் எடை குறைவாக இருந்தால்தான் வளைவில் வண்டி கவிழாது என்று, வழக்கமாக ஓட்டும் தடியரை இறக்கிவிட்டு, மாஸ்டர் என்னை ஏறச் சொன்னார்.

அண்ணி, அங்கே உட்கார்ந்தால் முன்னால் கண்ணாடி இல்லை, பானெட் இல்லை. தெரு நேராக வந்து முகத்தில் மோதுகிறது. மரக்கிளைகள் தலைக்குமேல் பறக்கின்றன. வண்டி எனக்குக் கீழே வேறொரு பிராணி மாதிரி ஓடுகிறது. கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை.

முதல் ஓட்டம் முடிந்து இறங்கினால், கதாநாயகர் வேனுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். முகம் கழுவிவிட்டு வந்தார். “இன்னொரு தடவை போலாமா?” என்றார். பிறகு இயக்குநர் அம்மா எடுத்த காட்சியை எனக்குப் போட்டுக் காட்டினார். என்னால் நம்ப முடியவில்லை. வாந்தி எடுத்த அதே மனிதர், பிறந்ததிலிருந்து வேகத்திலேயே வாழ்ந்தவர் மாதிரி கண்ணால் சிரித்துக்கொண்டிருந்தார். பயத்தை மறைத்த மாதிரியே இல்லை. அந்தப் பயத்தையே எடுத்து ஆனந்தமாக மாற்றிவிட்டார். இதை எங்கே கற்றுக்கொள்வது?

அண்ணன் ஏதாவது கேட்டாரா?

வாலு

ஏப்ரல் 15

வாலு,

நீ கல்லுக்குண்டாக இருப்பதில் சந்தோஷம். கூரைமேல் குண்டாக இருக்கக் கூடாது என்றால் ரொட்டியைக் குறை.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நேற்று ஒரு நோயாளியின் வாயில் பஞ்சை வைத்துவிட்டு, நீ மரக்கிளைக்கு அடியில் பறப்பதை யோசித்தபடி நின்றுவிட்டேன். அந்த மனிதர் பாவம், ‘ங்ங்’ என்றார்.

உன் அண்ணனிடம் நானே வாசித்துக் காட்டினேன். வண்டியின் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் கேட்டார். எண்ணெய் டப்பாவை மூடிவிட்டு, “அந்தக் கூண்டு எந்தக் குழாய்ல செஞ்சிருக்காங்க? வெல்டிங்கா, போல்ட்டா?” என்றார்.

“அவகிட்டயே கேளுங்க” என்றேன்.

“நான் ஏன் கேக்கணும்? நீ கேக்கற மாதிரி கேளு.”

எனவே நான் கேட்கிறேன். குழாயை நினைத்து எனக்கு உறக்கமே வரவில்லை. அது எந்தக் குழாய்?

ஜாக்கிரதையாக இரு.
அண்ணி

மே 2

அன்பு அண்ணிக்கு,

இடுப்பு, முழங்கால் எல்லாம் ஒழுங்காக இருக்கட்டும். குழாய் பற்றிய உங்கள் ஆர்வத்தை மெச்சினேன். உருக்குக் குழாய், நடுவில் ஒட்டு இல்லாதது. கூண்டு முழுக்க வெல்டிங். வண்டியோடு சேரும் இடங்களில் போல்ட். மாஸ்டர் ஒவ்வொரு காலையும் தானே ஸ்பேனர் போட்டுப் பார்க்கிறார். இது உங்களுக்குத் தூக்கம் தரும் என்று நம்புகிறேன்.

வில்லனாக நடிப்பவரைப் பார்த்தால் உங்களுக்குப் பிடித்துவிடும். கோரமான முகம். வண்டி நகர்ந்தாலே தலைசுற்றும் என்று எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வருகிறார். ‘டேக்’ என்றதும் பழத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கொலைகாரர் ஆகிவிடுகிறார்.

கடைசிக் காட்சி இந்த மாதம். செங்குத்தாக இறங்கும் ஒரு தெரு. அடியில் இரண்டு லாரிகள், குறுக்கே வந்து இடைவெளியை மூடிக்கொண்டே இருக்கும். எங்கள் கார் பக்கவாட்டில் சறுக்கியபடி அந்த இடைவெளிக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் படிக்கட்டின் விளிம்பில் நிற்க வேண்டும். வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்கப்போகிறார்கள். கணினியில் செய்துவிடலாமே என்று தயாரிப்பாளர் சொன்னதற்கு, இயக்குநர் அம்மா மெதுவான குரலில், “உடம்புக்கு நிஜமா நடந்தா முகத்துக்கு வேற ஒண்ணு நடக்கும். எனக்கு அதுதான் வேணும்” என்றாராம். நாளை முதல் ஒத்திகை. நினைத்தாலே உடம்பு புல்லரிக்கிறது.

வாலு

ஜூன் 8

வாலுவுக்கு,

உடம்பு சரியாக இருக்கிறாய்தானே? மாதம் ஒன்று தாண்டிவிட்டது. போன் போட்டேன், அணைத்திருக்கிறது என்றே வருகிறது. விடுதிக்குப் பேசினேன். “படப்பிடிப்புல இருப்பாங்க” என்று அலுப்பாகச் சொல்லி வைத்துவிட்டார்கள்.

உன் அண்ணன் தினமும் வேலைக்குப் போகிறார், வருகிறார். தபால்காரர் வரும் நேரத்தில் மட்டும் வாசலில் ஏதோ வேலை இருக்கிறது அவருக்கு. தாழ்ப்பாளை இதுவரை நான்கு தடவை சரிசெய்துவிட்டார்.

இரண்டு வரி போதும்.
அண்ணி

ஜூன் 16

அண்ணிக்கு,

நலம். கவலை வேண்டாம். வேலை அதிகம், அதனால் எழுதவில்லை. போன் கீழே விழுந்து உடைந்துவிட்டது. கதாநாயகருக்குக் காய்ச்சல், அதனால் கடைசிக் காட்சியை ஜூலைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். பேனா சரியில்லை, எழுத்து கோணல். மன்னிக்கவும். நீங்கள் இருவரும் நலம்தானே.

வாலு

ஆகஸ்ட் 3

வாலு,

நாங்கள் நலம். நீ நலமில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

உன் கடைசிக் கடிதத்தின் உறையைப் பார்த்ததுமே உன் அண்ணன், “இடது கையால எழுதியிருக்கா” என்றார். பேனா கோளாறு என்று எழுதியிருக்கிறாளே என்றேன். “பேனா கோளாறுன்னா மை கெடும். எழுத்து இந்தப் பக்கம் சாயாது. வலது கையில அடிபட்டவங்க எத்தனை பேர் என் கண்ணு முன்னால கையெழுத்துப் போட்டிருக்காங்க” என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை. உனக்குக் கோபமாக நான்கு பக்கம் எழுதினேன். அஞ்சல் பெட்டி வரை கொண்டுபோய்விட்டுக் கிழித்துப் போட்டேன்.

போன வாரம் இழுவை வண்டிக்குச் சாமான் வாங்க வெளியூர் போனார். போன மனிதர் ஒரு நாளில் வரவில்லை. திரும்பி வந்தபோது முகமெல்லாம் வெயிலில் கருகி, தொண்டையில் சத்தமே இல்லை. எதைக் கேட்டாலும் வெந்நீர் வேண்டும் என்று சைகை காட்டுகிறார். சாமானும் கிடைக்கவில்லையாம். இந்த வயதில் இவருக்கு அலைச்சல் ஆகாது.

நீயாவது உண்மையைச் சொல்.
அண்ணி

ஆகஸ்ட் 14

என் அண்ணிக்கு,

இது வலது கை. எழுத்து நேராக இருக்கிறதா? உங்கள் இருவர் உடம்பும் எப்படி இருக்கிறது? அண்ணனுக்குத் தொண்டை சரியாகிவிட்டதா?

ஒத்திகையின் மூன்றாம் நாள், லாரி ஓட்டுநர் கொஞ்சம் முந்திவிட்டார். நான் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினேன். கூண்டின் ஓரம் லாரியில் உரசியது. எனக்கு வலது தோள்பட்டை எலும்பில் விரிசல் விட்டுவிட்டது, வேறொன்றும் இல்லை. கூண்டுக்குக் கீறல் மட்டும்தான். குழாயை விசாரித்தவரிடம் சொல்லுங்கள். காய்ச்சல் என்று எழுதியது பொய். எனக்காகத்தான் தள்ளிவைத்தார்கள்.

வேறு ஆளைப் போடலாம் என்று தயாரிப்பாளர் சொன்னார். அது நியாயம்தான். கதாநாயகர் அப்போது காரில் இல்லை. லாரிக்கு அருகே நின்று எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவர். “அந்தப் பொண்ணு கடைசி நொடியில வண்டியைத் திருப்பின பக்கம் எது தெரியுமா? நான் உட்கார வேண்டிய இடத்தைக் காப்பாத்திட்டு, அவ பக்கத்தைக் கொடுத்தா. கூரைமேல அவ உட்கார்ந்தா நான் உள்ள உட்காருவேன். இல்லன்னா என் முகத்தைக் கணினியில வரைஞ்சுக்குங்க” என்றாராம். அப்படியெல்லாம் நான் யோசித்துத் திருப்பவில்லை அண்ணி. கை தானாகப் போயிற்று.

ஜூலைக் கடைசியில் அந்தக் காட்சியை எடுத்தோம். தெருவின் இரண்டு பக்கமும் வேடிக்கை பார்க்கும் கூட்டமாக நூற்றுக்கணக்கான பேரை வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். உதவி இயக்குநர் ஒலிபெருக்கியில் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டே இருந்தார்: “கூரையைப் பார்க்காதீங்க. கூரைமேல யாரும் இல்ல. ஹீரோவைப் பார்த்துக் கத்துங்க.” முதல் இரண்டு தடவை சரியாக வரவில்லை. மூன்றாம் தடவை, கீழிருந்து கதாநாயகர் கூரையைத் தட்டினார், தயார் என்று. வண்டியைச் சரிவில் இறக்கினேன்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வேகம் ஓர் அளவைத் தாண்டியதும் சத்தம் எல்லாம் போய்விட்டது. லாரிகள் மெதுவாக, மிக மெதுவாக, கதவு சாத்துவது போல நெருங்கின. வண்டி சறுக்க ஆரம்பித்ததும் நான் ஓட்டவில்லை, யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று தோன்றியது. அந்தப் பக்கம் போய் நின்றோம். முன்சக்கரத்துக்கும் முதல் படிக்கும் நடுவில் மாஸ்டர் தன் செருப்பை வைத்துப் பார்த்தார். செருப்பு நுழையவில்லை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இயக்குநர் அம்மா அழுதார். கதாநாயகர் இறங்கி, கூரைமேல் ஏறி, கூண்டின் கதவைத் திறந்து, என் பெல்ட்டைத் தன் கையால் கழற்றிவிட்டார்.

இதைச் சொல்ல அண்ணன் பக்கத்தில் இல்லையே என்றுதான் அன்று இருந்தது.

வாலு

பிப்ரவரி 11

என் வாலு,

அடுத்த படத்துக்குப் போன இடத்தில் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முழங்கால் நேற்று என்னைத் தியேட்டர் படி ஏற்றிவிட்டது, அதற்கு நன்றி.

படம் பார்த்தேன். உன் அண்ணன் வரமாட்டேன் என்றுவிட்டார். டாக்டர் உட்பட கிளினிக் முழுவதும் என்னோடு வந்தது. நீ கதாநாயகியின் பொய்முடியில் வரும்போதெல்லாம் டாக்டர், “இது அவதானே, இது அவதானே” என்று என் கையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். கடைசிக் காட்சி வந்தது. உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தும், நான் இருக்கையின் கைப்பிடியை நசுக்கிவிட்டேன். திரை முழுக்க அவர் முகம். அவருக்குப் பின்னால் கண்ணாடி வழியே தெரு சுழல்கிறது, கூட்டம் சுழல்கிறது. எத்தனை முகங்கள், எல்லாம் அவரைப் பார்த்துக் கத்துகின்றன.

அதில் ஒரு முகம் மட்டும் அவரைப் பார்க்கவில்லை. தலையை அண்ணாந்து, திரைக்கு மேலே, படத்தில் இல்லாத இடத்தைப் பார்த்தது. வாய் திறந்திருந்தது. கை பாதி தூக்கியபடி நின்றுவிட்டிருந்தது. அந்த முகத்தில் இருந்த பயத்தையும் பெருமையையும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கல்யாணமான நாளாக நான் பார்த்திராத முகம். ஆனால் சட்டை நான் இஸ்திரி போட்ட சட்டை.

படம் விட்டும் எழுந்திருக்கவில்லை. அடுத்த ஆட்டத்துக்கும் அங்கேயே டிக்கெட் எடுத்தேன். மறுபடியும் பார்த்தேன். அவர்தான்.

வீட்டுக்கு வந்து, “சாமான் எந்தக் கடையில வாங்கப் போனீங்க?” என்று கேட்டேன்.

“எந்தச் சாமான்?”

“தொண்டை கட்டிக்கிட்டு வந்தீங்களே, அந்தச் சாமான்.”

வாசலுக்குப் போய் வண்டியைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். மழை பெய்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து நனைந்தபடி உள்ளே வந்து, “வெள்ளைத் தாள் இருக்கா?” என்றார்.

நான் அடுப்படிக்கு வந்துவிட்டேன். என் கடிதம் இத்துடன் நிற்கிறது. உறையில் இடம் விட்டிருக்கிறேன்.

அண்ணி

(அதே உறையில்)

வாலுவுக்கு,

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தோள்பட்டை குளிர் நாளில் வலிக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். தெருமுனையிலேயே உள்ளே விடவில்லை. கூட்டத்தில் நிற்க ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள், வரிசையில் நின்றேன். ஓர் ஓரத்தில் நிறுத்தினார்கள். முதல் தடவை நீ வண்டியைச் சரிவில் இறக்கியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒலிபெருக்கி வைத்திருந்த தம்பி வந்து, “பெரியவரே, தூங்கறதுக்கா வந்தீங்க? கண்ணைத் திறந்து கத்துங்க” என்றான். இரண்டாம் தடவை திறந்து வைத்திருந்தேன், சத்தம் வரவில்லை. மூன்றாம் தடவை கத்தினேன். உன் பேரைச் சொல்லித்தான் கத்தினேன். கூட்டம் என்ன கத்தியது என்று எனக்குத் தெரியாது. வண்டி நின்றபிறகும் கத்திக்கொண்டிருந்தேனாம். பக்கத்தில் இருந்தவர் முதுகைத் தட்டித் தண்ணீர் கொடுத்தார்.

நான் இதுவரை வண்டிகளை எல்லாம் நின்றபிறகுதான் பார்த்திருக்கிறேன். நசுங்கி, கவிழ்ந்து, கண்ணாடி கொட்டி. ஒரு வண்டி அப்படிப் போய் ஒன்றும் ஆகாமல் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. அதை ஒருவர் நிறுத்த முடியும் என்றும் தெரியாது. நீ கூண்டிலிருந்து இறங்கியதைப் பார்த்தேன். உன்னைச் சுற்றி அத்தனை பேர். கிட்டே வந்தால் ‘போதும், வா’ என்று சொல்லிவிடுவேன் என்று பயமாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. பஸ் ஏறிவிட்டேன்.

அடுத்த படத்தில் எந்தத் தெரு, எந்தத் தேதி என்று முன்கூட்டியே எழுது. லீவு சொல்ல வேண்டும். கூட்டத்தில் நிற்பவர்களுக்கு மதியம் சாப்பாடு நன்றாகவே போடுகிறார்கள். உன் அண்ணியும் வருகிறேன் என்கிறாள். அவளும் கூரையைத்தான் பார்ப்பாள், சொன்னால் கேட்கமாட்டாள். அந்த ஒலிபெருக்கித் தம்பியிடம் இப்போதே சொல்லி வை.

அண்ணன்